வேலையை விட்டவர்களும் மாலையை இழந்தவர்களும்

பெங்களூரில் கௌரவமான உத்தியோகம், மாதக் கடைசியில் தவறாமல் வங்கிக் கணக்கில் வந்து விழும் கணிசமான சம்பளம், வெளிவட்டச் சாலையை ஒட்டிய அடுக்ககத்தில் தவணைக் கடனில் வாங்கிய வீடு, இத்தனையும் வாய்க்கப்பெற்ற ஒருவர் ஒரு நாள் அவ்வளவையும் ஒதுக்கிவிட்டு, தம் மனத்துக்கு உகந்த வேறொரு காரியத்தில் இறங்கப்போகிறேன் என்று அறிவிப்பது இன்று அபூர்வமான சம்பவமாக இல்லை. "பேப்பர் போட்டுவிட்டேன்" என்று அவர் சொன்ன மாத்திரத்தில் சக ஊழியர்கள் கைகுலுக்கி வாழ்த்துகிறார்கள். சேலத்திலோ சங்கரன்கோவிலிலோ இருக்கும் பெற்றோர், "பையன் பெங்களூரில் இருக்கிறான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இனி உறவினரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். வாழ்த்துவோர் பக்கம் உள்ள நியாயம் பத்திரிகைகளில் வெற்றிக் கதைகளாக அச்சாகிறது. திகைப்போர் பக்கம் உள்ள நியாயம் பழைமைவாதம் என்ற பெயரோடு ஒதுக்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து, நல்ல வேலையை மனநிறைவின் பொருட்டு விடுவது என்ற இந்த விஷயத்தைப் பற்றி நமக்கு உண்மையிலேயே என்ன தெரியும் என்று சற்று நிதானமாக விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூரைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 'நல்ல வேலை' என்றால் இன்னது என்று நம் நாட்டவருக்கு இருமுறை கற்பித்த நகரம் இது. 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொலைபேசி ஆலையான ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் மின்னணு ஆலையான பி.இ.எல். என்று வரிசையாக எழுந்த ஆலைகள், வேலையோடு குடியிருப்பும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் சேர்த்துக் கொடுத்து, அறுபது வயது வரை ஒரே இடத்தில் இருப்பதே மனித வாழ்வின் இயல்பு என்ற நம்பிக்கையை ஒரு தலைமுறைக்கு ஊட்டின. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்த நம்பிக்கையின்மீதுதான் வீடு கட்டின. பிறகு, 1983இல் இன்போசிஸ் புனேயிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கிளை தொடங்கியது. அதற்கப்புறம் வந்த கணினித் தொழில், சம்பளத்தைப் பன்மடங்காக்கியதோடு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனம் மாறாதவன் சோம்பேறி என்ற நேர் எதிரான பாடத்தையும் கற்பித்தது. முதல் பாடத்தின் கதி என்னவாயிற்று என்பதை, நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்த எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தையே மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்ததிலிருந்து அறியலாம். ஆயுள் முழுவதும் காக்கும் என்று நம்பப்பட்ட உத்தியோகமும் காக்காமல் போகும் என்பதைத் தகப்பனார் தலைமுறையில் கண்ணாரக் கண்டவர்களின் பிள்ளைகள், உத்தியோகத்தைப் பூஜைக்குரிய பொருளாகக் கருதாததில் வியப்பில்லை.

வேலையை விட்டவர்கள் எல்லோரையும் ஒரே ரகத்தில் சேர்த்துப் பேசுவதால் விளையும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. மனத்தாங்கலால் விட்டவர் வேறு. கொள்கையால் விட்டவர் வேறு. களைத்துப்போய் விட்டவர் வேறு. முன்னமே கைக்கொண்டிருந்த மற்றொரு பணி தம்மை முழுமையாகக் கேட்டதால் விட்டவர் வேறு. இந்நகரின் சரித்திரத்தில் நான்குக்கும் உதாரணம் கிடைக்கிறது.

மைசூர் சமஸ்தானத்தின் திவானாகப் பின்னாளில் விளங்கிய விசுவேசுவரய்யா, பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் 1884 முதல் பணியாற்றி, இந்தியர் ஒருவர் தலைமைப் பொறியாளர் பதவிக்கு உயர்வது அன்றைய ஆட்சியில் சாத்தியமில்லை என்று கண்டு, ஓய்வூதியத்துக்குரிய காலம் நிறையுமுன்னரே அதிலிருந்து விலகிக்கொண்டார். அவருடைய சேவையை மதித்து அரசு அப்படியும் ஓய்வூதியம் வழங்கியது. 1912இல் திவானான அவர், பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கு அரசுப் பணிகளில் இடம் ஒதுக்கும் யோசனையில் மகாராஜாவோடு மாறுபட்டு, 1918இல் அந்தப் பதவியையும் துறந்தார். அந்தக் கருத்து வேற்றுமையில் நியாயம் மகாராஜாவின் பக்கமே இருந்தது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் தாம் ஒப்பாத கொள்கையை நிறைவேற்றிக்கொண்டு நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்க மறுத்த நேர்மையைக் குறை சொல்வதற்கில்லை. நம் காலத்தில், கர்நாடகப் பிரிவைச் சேர்ந்த இரண்டு தமிழ் அதிகாரிகள், காவல் துறையில் அண்ணாமலையும் ஆட்சித் துறையில் சசிகாந்த் செந்திலும், 2019ஆம் ஆண்டிலேயே அடுத்தடுத்துப் பதவி விலகி, எதிரெதிரான இரு கட்சிகளில் போய்ச் சேர்ந்தார்கள். அரசியலில் முடிந்த அந்த விலகல்களை மனநிறைவு என்ற அளவுகோலால் அளப்பது பொருந்தாது. ஆதலால் மேலே செல்வோம்.

மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் கதை இதைவிடச் சுவையானது. கோலார் ஜில்லாவில் 1891இல் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று, மைசூர் சிவில் சர்வீஸில் சேர்ந்து, ஜில்லா ஜில்லாவாக மாற்றலாகிப் போய்க்கொண்டே கன்னடச் சிறுகதைக்கு உருவம் கொடுத்தவர் அவர். 1920இலேயே முதல் தொகுதி வெளிவந்துவிட்டது. மந்திரிக்குச் சமமான ஒரு பதவி தமக்கு வரவேண்டிய தருணத்தில் தம்மினும் இளையவர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டதும், 1943இல் அவர் வேலையைத் துறந்து வந்துவிட்டார். ஆக, இந்த ராஜிநாமாவுக்கு ஆனந்தத்தைத் தேடும் வேட்கை காரணமன்று. சுயமரியாதைக்கு நேர்ந்த காயமே காரணம். ஆனால் அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த 43 ஆண்டுகளில், பெங்களூர் கவிபுரத்து வீட்டில் இருந்துகொண்டு 'ஜீவன' என்ற மாத இதழை நடத்தி, 'சிக்கவீர ராஜேந்திர' என்ற நாவலை எழுதி, 1983இல் அதற்கு ஞானபீடப் பரிசும் பெற்று, 1986இல் தம் பிறந்த நாளன்றே காலமானார். வெளியேறிய காரணம் கசப்பானதாயினும் வெளியே வந்து சேர்ந்த இடம் இனிமையாக அமைந்ததன் மர்மம் என்னவென்றால், அவர் அந்த இடத்துக்குப் புதிதாக வரவில்லை என்பதே. இருபது ஆண்டுக்கு மேலாக மாலை வேளைகளில் அவர் அங்கே குடியிருந்துவந்தார்.

இதே கோணத்தில் பார்க்கும்போதுதான், இந்தப் பொருளில் எல்லோரும் எடுத்துக்காட்டும் சர் சி. வி. ராமனின் வரலாறும் தெளிவாகப் புலப்படுகிறது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த ராமன், பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே, 1907இல், நிதித் துறைப் பரீட்சையில் முதலாவதாகத் தேறி, கல்கத்தாவில் உதவிக் கணக்காயர் பதவியில் அமர்ந்தார். அந்நாளில் ஓர் இந்திய வாலிபனுக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் எண்ணிப் பார்க்கவும் அரிது. ஒரு நாள் டிராம் வண்டியில் போகும்போது பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் ஸ்தாபித்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட, இறங்கிப்போய்க் கதவைத் தட்டினார். அன்றுமுதல், இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிப் போன காலம் நீங்கலாக, விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பிறகு அவசர அவசரமாகக் குளியலும் உணவும், பகல் முழுதும் கணக்கு அலுவலகம், மாலையில் நேரே மறுபடியும் ஆய்வுக்கூடம், இரவு வெகுநேரம் கழித்து வீடு என்பதே அவருடைய தினசரி ஒழுங்காயிற்று. வயலினின் நரம்பு எவ்வாறு அதிர்கிறது என்பது போன்ற ஆராய்ச்சிகளில் அவர் இறங்கியது இந்த வாழ்க்கைமுறையின் நடுவேதான். பத்து ஆண்டு இப்படிக் கழிந்த பின்னரே, 1917இல், ஆசுதோஷ் முகர்ஜி அழைத்த அழைப்பை ஏற்று, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்காக அவர் அரசாங்க வேலையை விட்டார். சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்று அந்தப் பதவிக்கு இருந்த நிபந்தனையை அவர் ஏற்க மறுத்ததும், அவருக்காக அது தளர்த்தப்பட்டதும் தனிக் கதை.

ராமனின் தியாகத்தைப் பாராட்டுவோர் இரண்டு விஷயங்களைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். முதலாவது, அவர் வேலையை விட்டுவிட்டு வெறுங்கையோடு நடுத்தெருவில் நிற்கவில்லை. ஒரு வேலையிலிருந்து, தமக்குப் பிடித்த மற்றொரு வேலைக்கு, அதுவும் நியமன உத்தரவு கைக்கு வந்த பிறகு, மாறினார். இரண்டாவது, அந்த மாற்றம் சூதாட்டமாக இருக்கவில்லை. விஞ்ஞானத்தில் தம்மால் என்ன முடியும், அதில் தமக்கு எத்தகைய ஆனந்தம் கிடைக்கும், அந்த ஆனந்தம் தினந்தோறும் திரும்பத் திரும்பச் செய்தாலும் தேயாமல் நிற்குமா என்பவற்றையெல்லாம் பத்து ஆண்டு சோதித்து அறிந்தவர் அவர். அந்தச் சோதனைக்கு இடம் கொடுத்தது யார் என்று கேட்டால், விந்தையாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: பிரிட்டிஷ் நிதித் துறையின் அலுவலக நேரமே. மாலையில் கோப்பை மூடிவைத்தால் மறுநாள் வரை யாரும் அவரைக் கூப்பிடமாட்டார்கள்.

1930இல் நோபல் பரிசு பெற்ற ராமன், 1933இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பெங்களூருக்கு வந்தார். நிர்வாகக் குழுவோடு ஏற்பட்ட பூசலின் விளைவாக 1937இல் இயக்குநர் பதவியிலிருந்து இறங்கினாலும், 1948 வரை பௌதிகப் பேராசிரியராகவே அங்கு நீடித்தார். தம்மைக் கீழிறக்கிய இடத்திலேயே பதினோரு ஆண்டு தொடர்ந்து ஆராய்ச்சி செய்தவரை நாம் எந்த வகையில் சேர்ப்பது? ராஜிநாமாவை வீரத்தின் ஒரே அடையாளமாகக் கருதுவோருக்கு இந்தப் பதினோரு ஆண்டு சங்கடமான அத்தியாயம். எனக்கோ, 1917ஆம் ஆண்டின் துணிவைக் காட்டிலும் இந்தப் பொறுமையே பெரிதாகத் தோன்றுகிறது. பிறகு மைசூர் மகாராஜா அளித்திருந்த நிலத்தில் தம் பெயராலேயே ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவி, 1970இல் மறையும் வரை அதிலேயே உழைத்தார். அவருடைய உடல் அந்த வளாகத்திலேயே தகனம் செய்யப்பட்டது.

இவ்வாறு முன்கூட்டிச் சோதிக்காமல் பாய்ந்தவர்களும் உண்டு. அவர்களில் சிலர் நன்றாகவே கரையேறினார்கள். ஆர். கே. நாராயண், பெங்களூர் மைசூர்ச் சாலையிலுள்ள சன்னபட்டணத்துப் பள்ளியில் ஆசிரியர் வேலைக்குப் போய், சில நாட்களுக்குள் அதைத் துறந்து வீடு திரும்பிவிட்டார். உலகப் பொருளாதாரம் சரிந்துகிடந்த காலத்தில் அரசாங்கப் பள்ளி உத்தியோகத்தை உதறியது எத்தகைய காரியம் என்பதை இன்றைய வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில், பெங்களூரில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் எழுதத் தொடங்கிய நாவலே 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' ஆக வெளிவந்தது. ஆனால் அவர் திரும்பி வருவதற்கு மைசூரில் தகப்பனாரின் வீடும் அந்த வீட்டில் சாப்பாடும் இருந்தன. கேப்டன் கோபிநாத், ராணுவத்திலிருந்து இருபத்தெட்டு வயதை ஒட்டி விலகி, ஹேமாவதி அணையில் மூழ்கிய குடும்ப நிலத்துக்கு ஈடாக ஜாவகல் அருகே கிடைத்த கரம்பில் கூடாரமடித்து விவசாயம் செய்து, பலவிதத் தொழில்களில் விழுந்தெழுந்து, 2003இல் ஏர் டெக்கான் விமானச் சேவையைத் தொடங்கினார். அவருக்கும் கால் ஊன்ற, கரடுமுரடானதாயினும், சொந்தமாக நிலம் இருந்தது. பட்னி கணினி நிறுவனத்திலிருந்து வெளியேறி 1981இல் இன்போசிஸை ஆரம்பித்த எழுவரின் முதல் மூலதனம், அவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தியின் மனைவி சுதா மூர்த்தி கொடுத்த 10,000 ரூபாய் என்பது ஊரறிந்த செய்தி; அந்தப் பணம் இன்னொருவர் வேலையில் இருந்து சேமித்த பணம் என்பதைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

எல்லா விலகலும் இப்படிச் செழித்து முடிவதில்லை. ஜெமினி ஸ்டூடியோவை விட்டு 1966இல் வெளியே வந்து முழுநேர எழுத்தாளராக வாழ்ந்த அசோகமித்திரன், தமிழுக்கு அளித்தது பெரிது. அதற்கு அவரும் குடும்பமும் கொடுத்த விலையும் சிறிதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 13 ஆண்டு தமிழ் கற்பித்து, 1911இல் விலகிப் பல்லாவரத்தில் அமர்ந்த மறைமலையடிகளை நினைக்கும்போதும், கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்து வேலையை 1969இல் விட்டுக் கிராமங்களுக்குச் சென்ற நம்மாழ்வாரை நினைக்கும்போதும், சொந்தச் சந்தோஷம் என்ற சொல் அவர்களுக்குப் போதாத சட்டையாகத் தோன்றுகிறது. அவர்கள் தேடியது வேறு. சந்தோஷம் கிடைத்திருந்தால் அது வழியில் கிடைத்தது.

மேனாட்டு ஆராய்ச்சியாளர்கள் இவ்விஷயத்தை எண்களால் அளக்க முயன்றிருக்கிறார்கள். அவர்கள் முடிவுகளையும் நாம் அலட்சியம் செய்யலாகாது. வருமானம் ஓர் அளவைத் தாண்டியபின் அன்றாட மனமகிழ்ச்சி அதனோடு கூடுவதில்லை என்றும், அமெரிக்காவில் அந்த அளவு ஆண்டுக்கு 75,000 டாலர் என்றும் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் வெளியிட்ட முடிவு, வேலையை விட விரும்புவோர் எல்லோராலும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே கானமன், தம் முடிவை மறுத்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்துடன் சேர்ந்து 2023இல் அதைத் திருத்தி, மிகவும் துயருற்றிருக்கும் சிறுபான்மையோரைத் தவிர ஏனையோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது என்று அறிவித்ததை அவர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் செய்த பரிசோதனை இன்னும் வேடிக்கையானது. வேலையை விடலாமா, உறவை முறிக்கலாமா என்று முடிவுக்கு வர இயலாமல் தவித்தவர்களை இணையத்தின் வழியே ஒரு நாணயத்தைச் சுண்டிப்போடச் செய்தார். 20,000க்கும் மேற்பட்ட முறை நாணயம் சுண்டப்பட்டது. 'மாறு' என்று நாணயம் கூறக் கேட்டவர்களில் மாறியவர்கள் அதிகம். ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, முக்கியமான விஷயங்களில் மாறியவர்கள் மாறாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். இதிலிருந்து தெரிவது, தயங்கித் தவிப்பவர்கள் பொதுவாக இருக்கவேண்டியதைவிட அதிகமாகவே தயங்குகிறார்கள் என்பதுதான். விட்டுவிட எண்ணமே இல்லாதவருக்கோ, நாணயத்தைச் சுண்டவும் மனம் துணியாத கடனாளிக்கோ இது பொருந்தாது. ஆறு மாதம் என்ற கால அளவும் சிந்திக்கத்தக்கது. 2005இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், உத்தியோகம் மாறிய உயர் அதிகாரிகளுக்கு மாறிய புதிதில் திருப்தி உச்சத்துக்கு ஏறி, பிறகு மெல்ல மெல்ல இறங்கிவிட்டது கண்டறியப்பட்டிருக்கிறது. புதுமாப்பிள்ளையின் உற்சாகம் எத்தனை மாதம் நீடிக்கும் என்பது நம்மவருக்கும் தெரியாததன்று. ஜெர்மனியில் பல்லாண்டு தொடர்ந்து நடத்தப்பட்ட கணக்கெடுப்போ, வேலை இழந்தவர்களின் மனநிறைவு மறுபடி வேலை கிடைத்தபின்னும் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை என்று காட்டுகிறது. தானாக விடுவதும் பறிகொடுப்பதும் ஒன்றல்லதான். எனினும், விட்டவர் எடுத்த புதுக் காரியம் தோற்றுப்போய், மறுபடி வேலை தேடி அலையும் நாள் வந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள சுவர் அவ்வளவு உயரமானதன்று.

லௌகிகமான கணக்குக்கு வருவோம். உற்சாகமான கட்டுரைகள் இதைத்தான் தாண்டிக் குதிக்கின்றன. பெங்களூர்க் கணினி நிறுவனங்களில் மூன்று மாத நோட்டீஸ் பீரியட் சர்வ சாதாரணம். பேப்பர் போட்ட ஆவேசம் தணிந்து, சந்தேகம் தலைதூக்க அந்த 90 நாள் தாராளமாகப் போதும். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த முறைப்படி, ஐந்தாண்டு தொடர்ந்த சேவை நிறைந்தவருக்கே, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பள விகிதத்தில் பணிக்கொடை. நாலரை ஆண்டில் மனம் வெறுத்து எழுந்துபோகிறவர் ஆறு மாதப் பொறுமையின்மைக்குக் கொடுக்கும் விலையைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துக்கொள்வது நலம். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, கண்ணுக்குத் தெரியாத இழப்பு, மருத்துவக் காப்பீடு. ஊழியருக்கும் மனைவி மக்களுக்கும், பல நிறுவனங்களில் பெற்றோருக்கும் சேர்த்து, நிறுவனமே எடுத்திருக்கும் குழுக் காப்பீடு, வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடுகிறது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ள அறுபத்தைந்து வயதுத் தகப்பனாருக்குப் புதிதாகக் காப்பீடு எடுத்தால், முன்பே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்வார்கள். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர்த் திட்டத்துக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அதை வேலையில் இருக்கும்போதே விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுக் கடனின் மாதத் தவணையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை; அதைக் கட்டுகிறவர்களுக்கு அது எப்போதும் ஞாபகத்திலேயே இருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் போட்டு முடித்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது: ஒருவர் மனநிறைவைத் தேடிப் புறப்படும்போது, அடுப்பு எரிவதற்குப் பொறுப்பேற்றது யார்? மேலே குறிப்பிட்ட பெருமக்களின் வரலாற்றில் அந்தப் பெயர்கள் அடிக்குறிப்பாகவும் வருவதில்லை. கல்கத்தாவில் இளம் மனைவி லோகசுந்தரி, விடியுமுன் போய் இரவில் திரும்பும் கணவரோடு நடத்திய குடும்பத்தின் அருமையை ராமனின் சரித்திரக்காரர்கள் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகிறார்கள். இன்றைய பெங்களூரில் கணவனும் மனைவியும் இருவரும் சம்பாதிக்கும் இல்லங்களில், ஒருவர் வேலையை விடுவது மற்றவருடைய வேலை விடமுடியாததாக ஆவதையே குறிக்கிறது. இதில் பெண்களின் நிலை தனி. கணவன் வேலையை விட்டால் அது துணிவு. பிரசவத்துக்குப் பின் மனைவி வேலையை விட்டால் அது ஒரு செய்தியாகவே கருதப்படுவதில்லை, அவளுடைய இஷ்டம் என்று எழுதிக்கொள்ளப்படுகிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் இருபத்தேழாவது வாரத்தில், இரவு ஒன்பது மணிக்கு அமெரிக்காவோடு பேசவேண்டிய கூட்டத்துக்கும் பசித்து அழும் குழந்தைக்கும் நடுவே நிற்கிறவள் எடுக்கும் முடிவுக்கு 'சுயவிருப்பம்' என்ற பெயர் பொருத்தந்தானா? நல்ல வேலையை விடுவோர் பட்டியலில் பெரும் பகுதி இந்தப் பெண்களே என்று நான் நினைக்கிறேன். அவர்களைப் பற்றி வெற்றிக் கதைகள் எழுதப்படுவதில்லை.

இனி, வேலையை விடாதவரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் வாசகர் சுஜாதா என்று அறிந்த ரங்கராஜன், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றி, பிறகு பெங்களூர் ஜாலஹள்ளியில் பி.இ.எல். நிறுவனத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் முக்கியமான பங்கு வகித்ததும், கணேஷும் வசந்தும் கோர்ட்டில் வாதாடிய நாவல்களையும், நாடகங்களையும், விஞ்ஞானக் கட்டுரைகளையும் வாரந்தோறும் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பியதும் ஒரே மனிதர்தாம், ஒரே காலத்தில்தாம். எழுத்தாளனாகப் பெயர் பெற்ற எவரும் முதல் ராயல்டி கைக்கு வந்தவுடனேயே உத்தியோகத்தை உதறவேண்டும் என்ற காவியக் கற்பனைக்கு அவர் கட்டுப்படவில்லை. பொறியியலும் அவருக்கு இன்பமாகவே இருந்தது என்பதை அவர் எழுத்தைப் படித்தவர் அறிவர். ஒன்றிலிருந்து மற்றொன்று தீனி பெற்றது.

ராமனையும் மாஸ்தியையும் சுஜாதாவையும் சேர்த்துப் பார்த்தால், முதலிருவர் விட்டார்கள், மூன்றாமவர் விடவில்லை என்ற பேதத்தைக் காட்டிலும், மூவருக்கும் பொதுவான ஓர் அம்சமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்களுடைய உத்தியோகம் அவர்களுக்குச் சம்பளத்தோடு மாலை நேரத்தையும் கொடுத்தது. அந்த மாலையில் அவர்கள் தம்மைச் சோதித்துக்கொண்டார்கள். தமக்கு எது தகும் என்று அறிந்தார்கள். அறிந்த பின்னர், விடுவதா இருப்பதா என்பது இரண்டாம்பட்சமான, ஏறக்குறைய நிர்வாக சம்பந்தமான ஒரு முடிவாகிவிட்டது. இன்றைய பெங்களூரின் நல்ல வேலை பழைய வேலையைவிடப் பன்மடங்கு பணம் கொடுக்கிறது, மாலையைக் கொடுப்பதில்லை. பத்துக் கிலோமீட்டர் கடக்க அரை மணிக்கும் மேலாகும் சாலையில் போக வர ஒரு பகுதி, கடல் கடந்த வாடிக்கையாளர் விழித்தெழும் நேரத்துக்காகக் காத்திருப்பதில் ஒரு பகுதி, கைப்பேசியில் இடைவிடாது வந்து விழும் செய்திகளுக்கு மறுமொழி சொல்வதில் ஒரு பகுதி என்று அது கரைந்துபோகிறது. எஞ்சியது சனி, ஞாயிறு. அதிலும் வெள்ளி இரவு மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போய், ஞாயிறு இரவு திரும்பும் தமிழ் இளைஞனுக்கு ஒரு நாள்கூட முழுதாக மிச்சமில்லை. இப்படிப்பட்டவன் இசை கற்கவோ, விவசாயம் பழகவோ, ஒரு கடை வைத்துப் பார்க்கவோ விரும்பினால், சோதித்துப் பார்க்க நேரமில்லாமையால், சோதிக்காமலேயே குதிக்கிறான். அவனுடைய ராஜிநாமாவில் பாதி புதிய காரியத்தின்மேல் உள்ள ஆசை. மறுபாதி வெறும் தூக்கத்துக்கான ஏக்கம். ஆறு மாதம் நன்றாகத் தூங்கி எழுந்தபின் தனக்கு விவசாயம் வேண்டியதில்லை, ஓய்வுதான் வேண்டியிருந்தது என்று கண்டுகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

பட்னியிலிருந்து துணிந்து வெளியேறித் தம் காலத்துக்குத் தாமே எஜமானராகிக்கொண்டவர்களில் தலைவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் சொன்னார். சொந்தத் தொழிலுக்கு ஒருவர் மனமுவந்து கொடுக்கும் 70 மணியும், அடுத்தவர் தொழிலுக்குச் சம்பளக்காரர் கொடுக்கும் 70 மணியும் ஒன்றே என்று கொண்டதுதான் அந்த உபதேசத்திலுள்ள பிழை. மறு ஆண்டு ஜூலையில், கணினித் துறையில் நாளொன்றுக்கு மிகைநேரம் உட்பட 14 மணி வரை வேலை வாங்க இடமளிக்கும் யோசனை கர்நாடக அரசின் முன் வந்து, ஊழியர் சங்கத்தின் எதிர்ப்பால் சர்ச்சைக்குள்ளாயிற்று.

ஆகவே, ஒருவர் நல்ல வேலையை விடலாமா என்பதற்கு என்னால் சொல்லக்கூடிய தீர்ப்பு இவ்வளவே: எந்தக் காரியத்துக்காக விடுகிறாரோ அதை ஓராண்டேனும் மாலைகளில் செய்து பார்த்தவர், வீட்டிலுள்ள மற்றவரின் சம்மதத்தைக் கணக்கோடு பெற்றவர், தாராளமாக விடலாம், தயங்க வேண்டியதில்லை. அந்த மாலையே இல்லாதவர், முதலில் கேட்டுப் பெறவேண்டியது ரிலீவிங் லெட்டரை அன்று, மாலையை. அதைத் தனியொருவராகக் கேட்டுப் பெறுவது கடினம். வேலை நேரம், விடுப்பு, பணிநீக்கம் முதலியவற்றை எழுத்தில் வரையறுத்து அங்கீகாரம் பெறவேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்திவந்தது 1946ஆம் ஆண்டுத் தொழில் நிலையாணைச் சட்டம். கணினித் துறைக்கு அதிலிருந்து விலக்கு அளித்த கர்நாடக அரசு, 2014இல் கொடுத்த அந்த விலக்கை 2019இல் ஒரு முறையும், 2024இல் மேலும் ஐந்தாண்டுக்கு மறுமுறையும் நீட்டித்தது.